ஏழு மோட்களும் ஒன்றுபோலவே கேட்பது ஏன்?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். கிடாரில் மேஜர் ஸ்கேலின் ஏழு மோட்களுக்கும், அதாவது அதன் அதே சுரங்களிலிருந்து பிறக்கும் ஏழு ஸ்கேல்களுக்கும், உரிய விரல் வடிவங்களை மனப்பாடம் செய்துவிட்டீர்கள். வேகமும் வந்துவிட்டது. ஆனால் டோரியன் என்று வாசித்தாலும் லிடியன் என்று வாசித்தாலும் காதில் விழுவது சி மேஜராகவே இருக்கிறது. டோரியன் வீரம் கலந்த சோகம், லிடியன் கனவு, ஃப்ரிஜியன் ஸ்பெயின் என்றெல்லாம் காணொளிகளில் சொல்கிறார்களே, அது உண்மையா, அளப்பா என்று கேட்கிறீர்கள். பாட்டியிடம் கொஞ்சம் பாட்டுக் கற்றவர் என்பதால், கரகரப்ரியாதானே டோரியன், அப்படியானால் 72 மேளகர்த்தாக்களையும், அதாவது தாய் ராகங்களையும், கிடாரில் ஏற்றிவிடலாமா என்ற கேள்வியும் கூடவே வருகிறது. போகிற போக்கில், ஏற்காட்டு வீட்டிலிருந்து சேலத்து விடுதிக்குக் கிடாரைக் கொண்டுவரும்போதெல்லாம் சுருதி கலைகிறது என்று ஒரு வரி. அந்த வரியைக் கடைசியில் தனியே எடுத்துக்கொள்கிறேன். மற்ற மூன்றும் அடியில் ஒரே கேள்விதான்: ஒரு ஸ்கேலின் குணம் எங்கே இருக்கிறது?

நான் சேலத்தில் பல ஆண்டுகளாகக் கிடார் கற்றுக்கொடுப்பவன். அதற்கு முன்பு வயலின். குருவின் எதிரில் உட்கார்ந்து கற்றது கர்நாடக இசை. கிடார், சர்ச் பாடகர் குழுக்களோடும் மெல்லிசை மேடைகளோடும் சேர்ந்து வளர்ந்தது. ஆகவே ராகம், கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) இரண்டையும் கை அறியும். ஜாஸ் வாசிப்பவர்கள் நான் கீழே சொல்வதில் சிலவற்றை வேறு வரிசையில் சொல்வார்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குகிறேன். சி மேஜரின் அதே ஏழு சுரங்களை டி-யில் தொடங்கினால் டோரியன், இ-யில் ஃப்ரிஜியன், எஃப்-இல் லிடியன், ஜி-யில் மிக்ஸோலிடியன், ஏ-யில் ஏயோலியன், பி-யில் லோக்ரியன் என்று எல்லாப் பாடப் புத்தகங்களும் சொல்கின்றன. கணக்கு சரி, கற்பிக்கும் முறையாக அது மோசமானது. மாணவர்கள் அதைப் படித்துவிட்டு, தொடங்கும் இடம் மாறினால் மோட் மாறிவிடும் என்று நம்பிவிடுகிறார்கள். மோட்டைத் தீர்மானிப்பது, காது எந்தச் சுரத்தை வீடாக ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதுதான். ஏற்காட்டு மலைப்பாதை ஒன்றே. இருபது கொண்டை ஊசி வளைவுகளும் அவையே. அடிவாரத்தில் குடியிருப்பவருக்கு அது ஊரை விட்டுப் போகும் வழி, உங்களுக்கு வீடு திரும்பும் வழி. எந்த வளைவில் நின்று நடக்கத் தொடங்கினாலும் இது மாறாது.

ஆதாரம், அதாவது பின்னணியில் விடாமல் ஒலிக்கும் வீட்டுச் சுரம், எதுவும் ஒலிக்காத அறையில் அந்த ஏழு சுரங்களை ஓட்டினால், காது பெரும்பாலும் சி-யைத்தான் தேடிப் பிடிக்கும். அதற்குக் காரணம் உண்டு. அந்த ஏழில் எஃப்-க்கும் பி-க்கும் நடுவே மூன்று முழுச் சுர இடைவெளி; இரண்டும் சேர்ந்து ஒலித்தால் உறுத்தும். பி-க்கு அரைச் சுரம் மேலே சி நிற்கிறது, எஃப்-க்கு அரைச் சுரம் கீழே இ நிற்கிறது. உறுத்தல் தீர இரண்டும் பக்கத்துச் சுரத்துக்கு நகர்ந்தால் சி-யும் இ-யும் கிடைக்கின்றன. சி மேஜர் கார்டின் உயிர் அந்த இரண்டில்தான் இருக்கிறது. சர்ச் பாடலிலிருந்து திரைப்பாட்டு வரை இந்த நகர்வைக் கேட்டுக் கேட்டே வளர்ந்திருக்கிறோம். நீங்கள் ஏழு வடிவங்களையும் மேலும் கீழும் ஓட்டிக்கொண்டிருக்க, காது தன் பாட்டுக்கு சி-யில் போய் உட்கார்ந்துகொள்கிறது. உங்கள் விரல்களில் ஒரு குறையும் இல்லை.

நம் கச்சேரியில் இந்தக் குழப்பம் எழ இடமே இல்லை, ஏனெனில் தம்புரா ஓய்வதில்லை. பாடுபவர் நிஷாதத்தில் தொடங்கினாலும் காந்தாரத்தில் தொடங்கினாலும் ஷட்ஜம் எது என்பதில் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் ஐயம் வராது. ஆதாரத்தையே மனத்தளவில் நகர்த்திப் புதிய ராகத்தைக் காட்டும் வித்தைதான் கிரக பேதம். சங்கராபரணத்தின் ரிஷபத்தை ஷட்ஜமாகக் கொண்டால் கரகரப்ரியா. காந்தாரத்தைக் கொண்டால் தோடி. மத்யமத்தைக் கொண்டால் கல்யாணி. பஞ்சமத்தைக் கொண்டால் அரிகாம்போதி. தைவதத்தைக் கொண்டால் நடபைரவி. நிஷாதத்தைக் கொண்டால் பஞ்சமம் கிடைக்காது, ஆகவே அதற்கு மேளகர்த்தாவும் இல்லை. லோக்ரியனின் நிலை அதுதான்: வீட்டைத் தாங்கும் தூணே அரைச் சுரம் விலகி நிற்கிறது. அதில் நிலைத்து நின்று பாட்டு அமைப்பவர்கள் மேற்கிலும் அரிதாகவே இருப்பது இதனால்தான்.

இந்த யோசனை நம்மிடம் மிகப் பழையது. சிலப்பதிகாரமும் அதன் உரைகளும் பேசும் ஏழ்பாலையில், குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழில் ஒவ்வொன்றும் முதலாக நிற்க, செம்பாலை தொடங்கி மேற்செம்பாலை வரை ஏழு பாலைகள் பிறக்கின்றன. இதுவரை உறுதி. எந்தப் பாலை இன்றைய எந்த ராகம் என்று வரும்போது உறுதி போய்விடுகிறது. செம்பாலையை அரிகாம்போதி என்று பலர் கொள்கிறார்கள், சங்கராபரணம் என்பவர்களும் உண்டு. 1917இல் வெளிவந்த ஆபிரகாம் பண்டிதரின் ‘கருணாமிர்த சாகர’த்தையும் 1947இல் வெளிவந்த விபுலானந்த அடிகளின் ‘யாழ்நூ’லையும் அடுத்தடுத்துப் படித்தால், இந்தத் துறையில் தீர்ப்பு எழுத யாருக்கும் அவசரம் கூடாது என்று தெரியும்.

இனி செய்ய வேண்டியது. கிடாரிலேயே ஒரு தம்புரா இருக்கிறது. ஸ்டாண்டர்ட் ட்யூனிங்கில் தடித்த ஆறாம் கம்பியும் மெல்லிய முதல் கம்பியும் இரண்டுமே இ. நடுவில் இரண்டு ஸ்தாயி. ஆறாம் கம்பியைக் கட்டைவிரலால் மீட்டி ஒலிக்கவிடுங்கள், அடங்கும் முன் மறுபடி மீட்டுங்கள். முதல் கம்பி ஒன்றில் மட்டும், நீளவாக்கில், ஒரு விரலாலோ இரண்டு விரலாலோ நகருங்கள். மனப்பாடம் செய்த வடிவங்கள் இந்தப் பயிற்சி முடியும் வரை பெட்டியில் இருக்கட்டும். திறந்த கம்பி, பிறகு 2, 4, 6, 7, 9, 11, 12 என்று ஃப்ரெட்களை (கிடார்க் கழுத்தில் அரைச் சுரத்துக்கு ஒன்றாக நிற்கும் உலோகக் கட்டைகளை) தொட்டால் லிடியன். நம் கல்யாணியின் சுரங்கள். அதில் 6ஐ மட்டும் 5 ஆக்குங்கள்: ஐயோனியன், சங்கராபரணம். அடுத்து 11ஐ 10 ஆக்குங்கள்: மிக்ஸோலிடியன், அரிகாம்போதி. பிறகு 4ஐ 3 ஆக்கினால் டோரியன், கரகரப்ரியா. 9ஐ 8 ஆக்கினால் ஏயோலியன், நடபைரவி. 2ஐ 1 ஆக்கினால் ஃப்ரிஜியன், தோடி. கடைசியாக 7ஐ 6 ஆக்கினால் லோக்ரியன். ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு சுரம் ஒரே ஒரு ஃப்ரெட் கீழே இறங்குகிறது, மற்றவை அசைவதில்லை. இந்த வரிசையில் மேளகர்த்தா எண்களைப் பார்த்தால் 65, 29, 28, 22, 20, 8 என்று அவையும் இறங்கிக்கொண்டே போவது தெரியும். 72 மேளங்களும் தாழ்ந்த சுரத்திலிருந்து உயர்ந்த சுரத்துக்கு அடுக்கப்பட்டவை, அதனால் அப்படி.

இப்படி வாசிக்கும்போது ஒவ்வொரு மோட்டிலும் ஒரு சுரம் மட்டும் எழுந்து நின்று பேசுவதைக் கேட்பீர்கள். கல்யாணியில் அது 6ஆம் ஃப்ரெட், பிரதி மத்யமம். கரகரப்ரியாவில் 3ஐக் கேட்ட காது 8ஐ எதிர்பார்த்திருக்க, 9 வந்து நிற்கிறது. தோடியில் வீட்டு வாசலிலேயே ஒட்டி நிற்கும் 1. அந்தச் சுரத்தில் நின்று, கீழே இ ஒலிக்க, அடங்கும் வரை கேளுங்கள். மோட்டின் குணம் என்று எதையாவது உறுதியாகச் சொல்ல முடியுமானால், ஆதாரத்துக்கும் அந்தச் சுரத்துக்கும் நடுவில் உள்ள இந்த உறவைத்தான் சொல்ல முடியும்.

ஆம்ப்ளிஃபயர் வைத்து வாசிப்பவராக இருந்தால் இடையில் ஒன்று. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஏர்த் சரியில்லாத அறையில் ஆம்ப் முனகும் ஒலி 50இலும் அதன் மடங்குகளிலும் நிற்கும். அது ஜி சுரத்துக்கு ஏறத்தாழ அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு மேலே. இ-யை ஆதாரமாக வைத்து நீங்கள் கல்யாணி வாசிக்கும்போது, சாதாரண காந்தாரத்துக்குச் சற்று மேலே, சுருதி சேராமல் ஒருவர் இடைவிடாமல் ம்ம்ம் போட்டுக்கொண்டிருப்பார். பயிற்சிக்கு ஆம்பை அணைத்துவிடுங்கள்.

இதற்கு அடுத்த படி பென்டடோனிக். ராக் வாசிக்கிறவர்கள் முதலில் கற்பது அதையே, பிறகு அதிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். அதே கம்பியில் 0 (திறந்த கம்பி), 3, 5, 7, 10 என்றால் மைனர் பென்டடோனிக், நமக்கு சுத்த தன்யாசி. 0, 2, 4, 7, 9 என்றால் மேஜர் பென்டடோனிக், மோகனம். சுத்த தன்யாசியின் ஐந்து சுரங்களும் டோரியன், ஏயோலியன், ஃப்ரிஜியன் மூன்றுக்கும் பொது. விடுபட்டிருப்பவை ரிஷபமும் தைவதமும்தான். அங்கே 2ஐயும் 9ஐயும் வைத்தால் டோரியன். 2ஐயும் 8ஐயும் வைத்தால் ஏயோலியன். 1ஐயும் 8ஐயும் வைத்தால் ஃப்ரிஜியன். மோகனத்தில் விடுபட்டவை மத்யமமும் நிஷாதமும். 6, 11 என்றால் லிடியன். 5, 11 என்றால் ஐயோனியன். 5, 10 என்றால் மிக்ஸோலிடியன். இரண்டிலும் நான்காவதாக ஒரு சேர்க்கை மிச்சம் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சுத்த தன்யாசியில் 1ஐயும் 9ஐயும் சேர்த்தால் நாடகப்ரியா, மோகனத்தில் 6ஐயும் 10ஐயும் சேர்த்தால் வாசஸ்பதி. இவை இரண்டும் மேஜர் ஸ்கேலின் ஏழில் அடங்காதவை. இரண்டுமே மெலடிக் மைனரின், அதாவது கௌரிமனோகரியின், கிரக பேதத்தில் பிறப்பவை. எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். மேற்கத்திய ஜாஸ் பாடத்தில் ‘உயர்நிலை’ என்று தள்ளி வைக்கப்படும் வாசஸ்பதி, ஐந்து சுரம் தெரிந்த பையனுக்கு இரண்டு ஃப்ரெட் தொலைவில் இருக்கிறது.

கார்ட் வைத்து வாசிப்பதென்றால் இரண்டு கார்ட் போதும். இ மைனரும் ஏ மேஜரும் மாறி மாறி வந்தால் டோரியன். ஏ மேஜருக்குள் இருக்கும் சி ஷார்ப்தான் நாம் மேலே கண்ட 9ஆம் ஃப்ரெட். இ மேஜரும் டி மேஜரும் என்றால் மிக்ஸோலிடியன். இ மைனரும் எஃப் மேஜரும் ஃப்ரிஜியன். இ மேஜரும், அடியில் இ ஒலிக்க எஃப் ஷார்ப் மேஜரும் லிடியன். மூன்றாவது கார்டைச் சேர்க்கும் ஆசையை அடக்குங்கள். இ மைனர், ஏ மேஜர் என்று போய்க்கொண்டிருக்கையில் டி மேஜரை நுழைத்து அதில் கொஞ்சம் நின்றுவிட்டால், காது மூட்டை முடிச்சோடு டி-க்குக் குடிபெயர்ந்துவிடும். பிறகு நீங்கள் வாசிப்பது வெறும் டி மேஜர். 1959இல் ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் பதிவு செய்த ‘ஸோ வாட்’ 16 பார் (தாள அளவு) டி டோரியன், 8 பார் இ ஃப்ளாட் டோரியன், மீண்டும் 8 பார் டி டோரியன் என்று மட்டும் போகிறது. கார்ட் மாற்றங்கள் பெருகி வழிந்த காலத்தில் அத்தனை பெரிய கலைஞர்கள் அவ்வளவு நேரம் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள் என்பதே அதன் புதுமை.

இனி வீரமும் கனவும் ஸ்பெயினும். இங்கே எச்சரிக்கையாகப் பேச வேண்டும். முதலில், மோட்களின் பெயர்களோடு சேர்ந்து வரும் பழங்கதைகளைத் தள்ளிவிடுங்கள். பிளேட்டோ தன் லட்சிய நகரத்தில் டோரியனையும் ஃப்ரிஜியனையும் மட்டும் அனுமதித்தார் என்பது உண்மை. ஆனால் அவர் சொன்ன டோரியன் வேறு, இன்று கிடாரில் வாசிக்கும் டோரியன் வேறு. கிரேக்கப் பெயர்கள் இடைக்கால ஐரோப்பியச் சர்ச் இசைக்குப் பொருத்தப்பட்டபோது இடம் மாறிவிட்டன. ஐயோனியன், ஏயோலியன் இரண்டும் 1547இல் கிளாரியன் என்ற இசை அறிஞர் தன் நூலில் சேர்த்த பிறகே மோட் பட்டியலில் நிலைபெற்றன. ஆகவே ‘டோரியன் வீரம்’ என்று பிளேட்டோவைச் சாட்சிக்கு இழுக்கிற காணொளியை அங்கேயே நிறுத்திவிடலாம்.

அடுத்து, ஆய்வுகள் காட்டுவது. டேவிட் டெம்பர்லியும் டாஃப்னி டானும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், இசைப் பயிற்சி இல்லாதவர்களுக்கு ஒரே மெட்டை வெவ்வேறு மோட்களில் கேட்கவைத்து, எது அதிக மகிழ்ச்சியாக இருக்கிறது என்று கேட்டார்கள். ஐயோனியனிலிருந்து மிக்ஸோலிடியன், டோரியன், ஏயோலியன், ஃப்ரிஜியன் என்று சுரங்கள் இறங்க இறங்க மகிழ்ச்சியும் இறங்கியது. நாம் முதல் கம்பியில் வாசித்த அதே வரிசை. ஆனால் லிடியன்தான் உச்சியில் இருந்திருக்க வேண்டும்; அது ஐயோனியனுக்குக் கீழே போய்விட்டது. உயர்ந்த சுரம் மட்டுமே காரணம் என்றால் இது நடந்திருக்காது. அவர்களுக்கு மிகப் பழகிய ஸ்கேல் ஐயோனியன், மகிழ்ச்சியில் ஒரு பங்கு அந்தப் பழக்கத்துக்கு உரியது என்று கொள்வதே பொருத்தம். இன்னொன்று, பொலிவியாவின் மழைக்காட்டில் வாழும் சிமானே மக்களிடம் நடத்தப்பட்டு 2016இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு. நமக்கு இனிமையாகவும் உறுத்தலாகவும் கேட்கும் கார்ட்களை அவர்கள் ஏறத்தாழ ஒரேயளவு இனிமை என்றே மதிப்பிட்டார்கள். இனிமை என்று நாம் உறுதியாக நம்புவதிலேயே இவ்வளவு கற்றது கலந்திருக்கிறது என்றால், வீரமும் கனவும் எம்மாத்திரம்?

நம் ஊர்க் காதை எடுத்துக்கொள்ளுங்கள். லிடியன் என்றால் விண்வெளி, கனவு, மிதப்பது என்கிறார்கள் மேற்கில். கல்யாணி கேட்டு வளர்ந்தவருக்கு அது கல்யாண வீடு, கச்சேரியின் நடு நாயகம். அங்கே யாரும் மிதப்பதில்லை, நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஃப்ரிஜியனைக் கேட்டதும் மேற்கத்தியருக்கு ஸ்பெயின் நினைவு வருவது ஃப்ளமெங்கோ கிடாரால். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழாவில் நாதஸ்வரம் கேட்டுப் பழகியவருக்கும், ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை இசைத்தட்டில் கேட்டவருக்கும் அதே சுரங்கள் கொண்டுவரும் ஊரே வேறு. நம் மரபும் இதில் சளைத்ததன்று. பூபாளம் விடியலுக்கு, நீலாம்பரி தாலாட்டுக்கு என்று கற்றுவைத்திருக்கிறோம். பூபாளத்தை இரவு பத்து மணிக்கு வாசித்தால் எவருக்கும் தூக்கம் கலைந்து பொழுது விடிந்துவிடப் போவதில்லை.

என் முடிவைக் கேட்டால், வேகம், தாளம், ஒலியின் தடிமன், எந்த ஸ்தாயியில் வாசிக்கிறோம் என்பவை மோட்டைவிட அதிகமாக உணர்ச்சியைத் தீர்மானிக்கின்றன. நடபைரவியை மெதுவாக ஒவ்வொரு கம்பியாகப் பிரித்து வாசித்தால் ஏக்கம். அதையே வேகமாக ஸ்ட்ரம் செய்து தவிலைக் கூட்டினால் கூட்டம் ஆடும். மோட் தருவது ஒரு சாய்வை மட்டும். அந்தச் சாய்வு பொய்யில்லை. ஆனால் அதற்கு ஒற்றைச் சொல்லில் பெயர் வைத்து மனப்பாடம் செய்தால், காது திறப்பதற்கு முன்பே மூடிவிடும்.

கரகரப்ரியாவும் டோரியனும் ஒன்றா? சுரத் தானங்கள் ஒன்று. அதற்கு மேல் ஒற்றுமை தேடினால் பாட்டியிடம் திட்டு வாங்குவீர்கள். ஆரபியும் தேவகாந்தாரியும் ஆரோகண அவரோகணத்தில் ஒன்றே. கிடாருக்கு எண் போட்டு எழுதினால் இரண்டு தாள்களும் ஒரே தாள். ஆரபி சுரங்களைப் பெரும்பாலும் நேராகத் தொட்டு விறுவிறுப்பாக நடக்கும், தேவகாந்தாரி அசைந்து இழைந்து நிதானமாகப் போகும். தோடியில் இது இன்னும் கடுமை. அதன் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஊசலாடும் ஓர் அசைவு. முதல் கம்பியில் 3ஆம் ஃப்ரெட்டை அழுத்தி அப்படியே நிறுத்தினால் கிடைப்பது நல்ல ஃப்ரிஜியன், செத்த தோடி. இதைக் கிடாரில் செய்ய முடியாது என்று சொல்லவில்லை. பிரசன்னா கிடாரில் முழுக் கர்நாடகக் கச்சேரியே வாசிக்கிறார். மாண்டலின் ஸ்ரீனிவாஸ் ஜோடிக் கம்பிகளை விட்டு ஐந்து தனிக் கம்பிகள் கொண்ட மின் மாண்டலினுக்கு மாறியதன் பயன், சுரத்தை அசைத்து இழைக்கும் கமகத்தில் கேட்டது. ஜாஸையும் இந்திய இசையையும் கலந்த சக்தி குழுவில் ஜான் மெக்லாக்லின், ஃப்ரெட்களுக்கு நடுவே மரத்தைக் குழித்த கிடார் வைத்திருந்தார், கம்பியை ஆழமாக இழுத்து வளைக்க வசதியாக. கமகத்துக்கு விலை உண்டு: மெல்லிய கம்பி, வலுத்த விரல், குருவின் முன் பல ஆண்டு.

ஃப்ரெட் பற்றி இன்னொரு சிறு உண்மை. கிடார் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரிக்கிறது. அரைச் சுரத்தை 100 சென்ட் என்று கொண்டால் 4ஆம் ஃப்ரெட்டின் அந்தர காந்தாரம் 400 சென்ட். தம்புராவின் கார்வையில் தானே பிறக்கும் காந்தாரம் ஏறத்தாழ 386. அந்த 14 சென்ட் வித்தியாசத்தைப் பாட்டியின் காது உடனே பிடிக்கும். பஞ்சமத்தில் வித்தியாசம் 2 சென்ட்தான், அதை விட்டுவிடலாம். ஆதாரம் ஒலிக்க மேஜர் மோட்களை வாசிக்கும்போது காந்தாரம் கொஞ்சம் கூர்மையாக நிற்பதுபோல் தோன்றினால் உங்கள் காது நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். ட்யூனரைத் திருக வேண்டாம்.

72ஐயும் படிக்கலாமா? வேண்டாம் என்பேன். அவற்றில் 40 விவாதி மேளங்கள். அரைச் சுர இடைவெளிகள் நெருக்கியடிக்க, கமகத்தின் துணையில்லாமல் கிடாரில் அவை பெரும்பாலும் விரல் பயிற்சியாகவே நின்றுவிடும். மீதி 32இல் மேலே வாசித்த ஆறு வந்துவிட்டன, நாடகப்ரியாவும் வாசஸ்பதியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அவற்றோடு கீரவாணியைச் சேருங்கள்: 0, 2, 3, 5, 7, 8, 11, 12. மேற்கில் ஹார்மோனிக் மைனர் என்கிற இது, 8க்கும் 11க்கும் நடுவே வாய் பிளந்த இடைவெளியால் எந்தக் கார்டையும் தாங்கும். தமிழ்த் திரையிசை அதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதில் வியப்பில்லை. அதன் பஞ்சமத்தை ஷட்ஜமாக்கினால் வகுளாபரணம், ஃப்ளமெங்கோக்காரர்களின் உண்மையான ஊர். வெறும் ஃப்ரிஜியனைவிட ஸ்பெயின் இங்கேதான் அதிகம். பிறகு கௌரிமனோகரி, சாருகேசி, பாட்டி முதல் பாடமாகச் சொல்லித்தந்திருக்கக்கூடிய மாயாமாளவகௌளை. ஒவ்வொன்றையும் ஒரே கம்பியில், ஆதாரத்தோடு, சலிக்கும் வரை வாசித்த பிறகு உங்கள் வடிவங்களைப் பெட்டியிலிருந்து எடுங்கள். அப்போது அவை பயன்படும், எந்த ஃப்ரெட்டில் வீடு இருக்கிறது என்று கை அறிந்திருக்கும்.

கடைசியாக அந்தச் சுருதி விஷயம். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர், சேலம் 300 மீட்டருக்கும் குறைவு. குளிரில் எஃகுக் கம்பி சுருங்கிச் சுருதி ஏறும், கீழே வெயிலில் நீண்டு இறங்கும். மரம் இதைவிட மெதுவாக வேலை செய்யும்: மலையின் ஈரத்தை உறிஞ்சினால் மேல்பலகை உப்பிக் கம்பிகள் உயரும், சேலத்துக் கோடையில் வறண்டால் பலகை தாழ்ந்து ஃப்ரெட்களின் ஓரம் கையில் உரசும். கிடார் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். விடுதிக்கு வந்ததும் பையைத் திறக்காமல் அரை மணி நேரம் விட்டுவிட்டுப் பிறகு சுருதி கூட்டுங்கள். மதிய வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் வைக்காதீர்கள். பசை இளகி பிரிட்ஜ் பெயர்ந்து வரும். கம்பி மாற்றி எவ்வளவு காலமாயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. மலை ஈரத்தில் துரு ஏறிய கம்பி மேலேயும் நிற்காது, கீழேயும் நிற்காது. முதலில் அதை மாற்றிப் பாருங்கள்; அதற்குப் பிறகும் ஒரு வாரத்துக்கு மேல் சுருதி அலைந்தால், முறுக்காணிகளையும் மேல்பலகையையும் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள்.